ஈசானிய மூலைக் கிணறு

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பரீட்சை ஹால் கேட்டில், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மூன்று நாளாகப் போன் செய்யாத வீட்டில், எல்லோரும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு வார்த்தை நம்மிடம் உண்டு. ‘ஒண்ணும் ஆகாது.’ சொல்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் காதில் விழுந்தவுடன் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது போல் இருக்கும். மேடத்துக்கு அந்த வார்த்தை வாயில் வரவே வராது.

மேடத்தின் அலுவலகம் சேலையூரில், ஒரு ஸ்டேஷனரி கடை மாடியில் இருந்தது. இப்போது அங்கே டியூஷன் நடக்கிறது. ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியின் முகம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும். எதிரே உட்காரும் மனிதர்கள் வியர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இளகிய நிலத்தை எப்படிக் கெட்டிப்படுத்தலாம் என்பதைத் தரையில் செய்வதற்கு முன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்துச் சொல்வது அவர் தொழில். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக நறுக்கித் திரையில் வைத்திருப்பார். மேலே கட்டடத்தை ஏற்றி ‘ரன்’ போட்டால், எந்த இடம் எவ்வளவு இறங்கும் என்று சிவப்பிலும் நீலத்திலும் படம் வரும்.

முதல் நாள் போனபோது நான் கேட்டேன்: “நிலம் தாங்குமா மேடம்?”

“எல்லா நிலமும் இறங்கும் சார். எவ்வளவு இறங்கும், எத்தனை நாள்ல இறங்கும், இது ரெண்டைத்தான் என்னால சொல்ல முடியும். அதுலயும் பத்து சதவீதம் முன்னப்பின்ன இருக்கும்.”

இப்படிப் பேசுகிறவரிடம் யார் காசு கொடுத்து வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நாங்கள் செம்பாக்கத்துக்காரர்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். நிலம் மனையாகிவிட்ட பிறகு நான் ஃபிளாட் கட்டி விற்கிறவன் ஆனேன். எங்கள் பக்கத்தில் மண் பரிசோதனை அறிக்கைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பக்கத்து மனைக்காரர் வாங்கிய அறிக்கையை வாங்கி, பெயரை மாற்றி, புது அட்டை போட்டுவிடுவது. நான் குடியிருக்கும் வீடே அப்படிக் கட்டியதுதான். அதன் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் அடுத்த தெருக்காரர் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்த மனை என் தங்கச்சியின் பங்கு. ஏரிக்கரையை ஒட்டியது. நான்கு மாடி கட்டி, தரைத்தளத்தில் அவள் குடிவர வேண்டும், மற்றதை விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மண்ணைப் பரிசோதிக்க வந்த இயந்திரமே முதல் நாள் ஒரு பக்கமாகப் புதைந்துவிட்டது. தங்கச்சி பேங்கில் வேலை செய்கிறவள். ஜெராக்ஸ் எடுத்த காகிதம் எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள். “ண்ணா, உன் வீட்டுக்குப் பண்ண மாதிரி என் வீட்டுக்குப் பண்ணாதே” என்றாள். அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

மேடம் திட்டம் போட்டுக் கொடுத்தார். களிமண்ணில் வரிசையாகத் துளை போட்டு, ஜல்லியைக் கொட்டிக் குத்தி இறுக்கிக் கல் தூண்கள். அதற்கு மேல் மனை முழுக்க ஆளுயரத்துக்கு மண் மேடு, மூன்று மாதம். அந்தப் பாரத்தில் களிமண்ணிலிருக்கும் தண்ணீர் பிழிந்து வெளியேறி, வீடு வருவதற்கு முன்பே நிலம் இறங்க வேண்டியதில் பெரும்பங்கை இறங்கி முடித்துவிடும். நான்கு மூலையிலும் அடியில் ஒரு இரும்புத் தட்டு, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. வாரம் ஒரு முறை கம்பி எவ்வளவு இறங்கியது என்று அளந்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

மேடு போட்ட வாரமே மேடம் தாம்பரம் ஸ்டேஷன் பாலத்துப் படிக்கட்டில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆயிடுச்சேம்மா” என்றார் மேடம். “ஒடஞ்சிருக்கு. சேர எட்டு வாரம் ஆகும். அரை சென்டிமீட்டர் குட்டையா சேரும்னு டாக்டர் சொல்றார். நல்ல டாக்டர்.”

பக்கத்து வீட்டம்மா கையை எடுத்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடியே எட்டு வாரத்தில் சேர்ந்தது, அரை சென்டிமீட்டர் குறைந்து. அதற்குப் பிறகு மேடம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நடந்தார், அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் ஒரு மாதம் மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் மனைப் பக்கம் வராத அந்த மூன்று மாதத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

மேடு போட்ட மூன்றாம் நாள் வாஸ்துக்காரர் வந்தார். மண்ணைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வடகிழக்கு மூலைக்கு வந்ததும் காலில் முள் குத்தியது போல நின்றுவிட்டார். “ஈசானியத்துல இவ்வளவு பாரமா? இந்த வீட்டுப் பொண்ணுக்கு ஆகாதே சார்!”

வேறு எதையாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தங்கச்சிக்கு அதற்கு முன் ஒரு முறை கலைந்திருந்தது. அன்று சாயங்காலமே லாரி வரவழைத்து, அந்த மூலையிலிருந்த மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். மேடத்துக்கு வாராவாரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், தென்மேற்கிலிருந்து எடுத்த படம். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் மேடு ஏரியையே மறைக்கும், ஒரு மூலையை மறைக்காதா?

படம் பொய் சொன்னது, கம்பி சொல்லவில்லை. மூன்று கம்பிகள் மேடம் கம்ப்யூட்டரில் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தன. நாலாவது, தேமே என்று நின்றது. அளந்த சூப்பர்வைசர் அதை அப்படியே அனுப்பிவிட்டான். மூன்றாம் வாரம் மேடம் போன் செய்தார்.

“சார், வடகிழக்கு மூலை ஏன் இறங்கல?”

“தெரியலயே மேடம்.”

“அப்ப என் மாடல்லதான் தப்பு இருக்கு.”

அவருக்கு என் மேல் சந்தேகம் வரவே இல்லை. அது என்னைக் கொஞ்சம் குத்தியது, ஆனால் போதுமான அளவு குத்தவில்லை. மாவுக்கட்டோடு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அந்த ஒரு மூலையோடு மல்லுக்கட்டினார். மணல் அடுக்கு வைத்துப் பார்த்தார், பாறை வைத்துப் பார்த்தார். கணக்கு ஒட்டவில்லை. மறுபடியும் போன்.

“அந்த மூலைல தூர்த்துப்போட்ட பழைய கிணறு எதாவது இருந்துச்சா சார்?”

வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு மண்ணை அள்ளினேன் என்று அந்த அம்மாளிடம் எந்த வாயால் சொல்வேன்? “இருந்திருக்கும் மேடம். பழைய நிலமாச்சே.”

“அங்க ஒரு துளை போட்டுப் பாத்துடலாமா?”

“எதுக்கு மேடம்? எங்கப்பாவே பாத்திருக்காரு.”

“கண்ணால பாத்தவர் இருந்தா சரி” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நாலே நாளில் கிணற்றைத் திரையில் வெட்டிவிட்டார். பத்தடி விட்டம், உள்ளே கல்லும் செங்கல்லும் கொட்டித் தூர்த்தது. அதை வைத்து ரன் போட்டதும் நான்கு கம்பிக் கணக்கும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது. கல் போட்டுத் தூர்த்த இடம் கெட்டியாக இருக்கும், அங்கே கவலையில்லை, அஸ்திவாரம் போடலாம் என்று எழுதிக் கொடுத்தார். இல்லாத கிணற்றுக்கு இவ்வளவு பலமான சாட்சி உலகத்தில் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

ஆவணியில் நல்ல முகூர்த்தம். மேட்டையெல்லாம் வாரிவிட்டு அஸ்திவாரக் காங்கிரீட் ஊற்றும் நாள். காலையிலிருந்து கலவை லாரிகள் வந்து நின்றன. பாதிக்கு மேல் ஊற்றியாகிவிட்டது. மேடம் கைத்தடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் சுருட்டிய படம். நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம் போய், பரிசு கொடுப்பது போல விரித்துக் காட்டினார்.

“உங்க கிணறு சார்.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்பும் நீலமுமான அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “எந்தக் கிணறும்மா?”

“அதோ, அந்த மூலைல. நீங்க பாத்ததா சார் சொன்னாரே.”

“நம்ம நெலத்துல ஏது கெணறு? ஏரித்தண்ணி காலடியில இருக்கும்போது எவன் கெணறு வெட்டுவான்?” என்றார் அப்பா.

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாஸ்து, லாரி, தென்மேற்குப் படம், ஒன்று விடாமல். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எத்தனை லோடு இறங்கியிருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“பாதிக்கு மேல.”

“நிறுத்தச் சொல்லுங்க.”

படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தார். கிணற்றை எடுத்தார். அந்த மூலையிலிருந்த மண் மேட்டையும் எடுத்தார். ரன் போட்டார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே லாரியின் பெரிய உருளையும் சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது பேர் சும்மா நின்றார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

“இன்னா சார், இன்னாத்துக்கு நிறுத்திகினு கீறீங்க? உள்ள மாலு கல்லாப் பூடும் சார். ஊத்தவா, வேணாவா? பேஜார் பண்ணாதீங்க.”

“இருப்பா, மேடம் பாத்துட்டிருக்காங்க.”

“இன்னா பாக்கறாங்க? படமா?”

முக்கால் மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான முக்கால் மணி நேரத்தை நான் கண்டதில்லை. என் தங்கச்சி படுத்து எழப்போகும் இடம் அந்த லேப்டாப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் எதிரே குந்தி உட்கார்ந்தேன். “மேடம், ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆகும் சார். கட்டடம் விழாது, சாயும். அந்த மூலை மத்த பக்கத்தைவிட ரெண்டரை சென்டிமீட்டர் கீழ போகும். மூணு வருஷம் ஆகும். பத்து சதவீதம் முன்னப்பின்ன. இந்தக் கட்டடம் அதைத் தாங்கும். கதவு தானா திறக்கும், பந்து வெச்சா உருளும், அவ்வளவுதான். ஊத்தச் சொல்லுங்க. ஆனா தரைமட்டத்தை மூணடி ஒசத்துங்க, ஏரிக்கரை மனை இது.”

லேப்டாப்பை மூடியபின் ஒன்று சொன்னார்: “உங்க தங்கச்சிகிட்ட இதை நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“இன்னிக்கே சொல்லிடறேன் மேடம்” என்றேன்.

மதியம் தங்கச்சி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். வயிறு அப்போது நன்றாக மேடிட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் நாக்கு பழைய பாதையிலேயே போய்விட்டது. “அந்த மூலைல பழைய கெணறு இருந்துச்சாம். அதனால வீடு அந்தப் பக்கம் ரெண்டரை சென்டிமீட்டர் சாயுமாம். பயப்படாதே, ஒண்ணும் ஆகாது.” அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடம் தூரத்தில் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அதிகம் மகிழ்ந்தவர் வாஸ்துக்காரர். ஈசானியத்தில் கிணறு இருப்பதைவிட விசேஷம் வேறில்லையாம். வீடும் ஈசானியம் பக்கம் தாழ்ந்து போகிறது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார், கம்ப்யூட்டரே வாஸ்து பார்த்துவிட்டது என்று. குடிபோன பிறகு தங்கச்சி அந்த மூலையில் ஒரு சின்னப் பலகை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு ஏற்ற ஆரம்பித்தாள். “கெணத்தடிம்மாவுக்கு” என்பாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளை வெளியூரில் இருந்த நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் வழக்கமான வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடமும் வந்திருந்தார். “முதல் பிரசவம். பத்து மணி நேரம் ஆகும். வலிக்கும்” என்றார். என் பெரியம்மா அவரை முறைத்தார். தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னாள், உள்ளே படுத்திருந்தபோது அவளுக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் பத்து மணி நேரம்தான் என்று. மணியைப் பார்த்துப் பார்த்து, இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

வருடம் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், மேடம் லெவல் கருவியோடு வருவார். நான் கேட்டதும் இல்லை, அவர் கூலி வாங்கியதும் இல்லை. சாய்ந்த வீட்டுக்குள் சாய்ந்து நடந்து அளப்பார். கதவு அவர் சொன்னபடியே தானாகத் திறந்தது. குழந்தையின் பந்து எங்கே வைத்தாலும் விளக்குப் பலகையடியில்தான் போய் நின்றது. தங்கச்சி காபி கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு வருடமும் கேட்பாள்: “ஒண்ணும் ஆகாதில்ல மேடம்?” முதல் வருடம், “ஒண்ணு புள்ளி ரெண்டு. இன்னும் இறங்கும்” என்றார். அடுத்த வருடம், “ரெண்டு. இன்னும் கொஞ்சம்.” போகும்போது மூலையிலிருக்கும் விளக்கைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். வேறு யாராவது அப்படிப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மூன்றாவது ஐப்பசியில் அவர் அளந்தார். மறுபடி அளந்தார். கருவியை இடம் மாற்றி வைத்து மூன்றாவது முறையும் அளந்தார். வெளியே தூற்றல் போட ஆரம்பித்திருந்தது. தங்கச்சி வழக்கம்போலக் காபியோடு வந்து வழக்கம்போலக் கேட்டாள்.

மேடம் காபியை வாங்கிக்கொண்டு சொன்னார்: “ஒண்ணும் ஆகாது.”

எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. ஒடிந்த காலுக்குச் சொல்லாத வார்த்தை, பிரசவ வலிக்குச் சொல்லாத வார்த்தை. கைவிட்ட கேஸுக்குத்தானே டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்பார்கள்? மறுநாள் காலை மழை வலுத்ததும், தங்கச்சி, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரையும் பிடித்து இழுக்காத குறையாக என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். “மேடம்தான் சொல்லிட்டாங்களேண்ணா!” என்று அவள் கத்திக்கொண்டே வந்தாள். “அதனாலதாம்மா!” என்றேன்.

பதினோரு மணிக்கு என் வீட்டு வாசல்படியைத் தண்ணீர் தொட்டது. பன்னிரண்டுக்குக் கட்டிலைத் தொட்டது. அடுத்த தெருக்காரர் நிலத்தை நம்பிக் கட்டிய வீடு அது, பள்ளத்தில் இருக்கிறது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்பாவையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரு மண் லாரியில் ஏறி, ஏரிக்கரையில் இருக்கும் சாய்ந்த வீட்டுக்கே திரும்பினோம். மூன்றடி உயர்த்திய தரை, சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் படி ஏறியதும் கதவு தானாகத் திறந்தது.

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். முந்தின நாள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“இறங்குறது நின்னுடுச்சு சார். ரெண்டு புள்ளி ஆறு. மூணு தடவை பாத்தேன். இனிமே இறங்க அந்தக் களிமண்ல ஒண்ணும் பாக்கி இல்ல, அதான் சொன்னேன். ஏன், வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?”

“காலி பண்ணித் திரும்பியும் வந்துட்டோம் மேடம்” என்றேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடம் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த ஆண்டு அலுவலகத்தை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும்போது அந்தக் கிணற்றுப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். “நான் போட்டதிலேயே இவ்வளவு நல்லா எதுவும் பொருந்தினது கிடையாது சார்” என்றார்.

வெள்ளம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. வெளியே மழை. ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, தங்கச்சி மூலைக்குப் போய் விளக்கேற்றினாள். குழந்தையும் பக்கத்தில் கைகூப்பி நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அங்க கெணறே கெடையாதும்மா” என்றேன். “நான்தான் அந்த மூலைல மண்ணை எடுக்கச் சொன்னேன். வாஸ்துக்காரர் சொன்னாரு, உனக்கு ஆகாதுன்னு. பயந்துட்டேன். மேடத்துகிட்டயும் பொய் சொன்னேன், உங்கிட்டயும் சொன்னேன். உன் வீட்டைச் சாச்சது நான்தான்.”

அவள் தீக்குச்சியை அணைத்தாள். “தெரியும்ணா. காங்கிரீட் போட்ட அன்னிக்கே அப்பா சொல்லிட்டாரு.”

அப்பா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சேதான் இத்தனை நாளா விளக்கு ஏத்தினியா?”

“நீ பாக்கணும்னுதான் ஏத்தினேன். எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு உன்கூடப் பேசவே கூடாதுன்னு இருந்தேன். மறுநாளே மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், எங்கண்ணன் இதை என்னிக்காவது அவன் வாயால சொல்லுவானா, இல்ல இப்படியே விட்டுடுவானான்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சொல்லுவாரு, மூணு வருஷம் ஆகும்னாங்க. பத்து சதவீதம் முன்னப்பின்ன.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று வருடம், இரண்டு மாதம்.